வெள்ளவத்தைச் சைவக் கடை: ஆட்சி மாறியது, சம்பல் குறைந்தது

கொழும்பு காலி வீதியில் ஒரு சின்னக் கடை. இடியப்பம் பஞ்சு மாதிரி, சொதியிலும் குறை சொல்ல முடியாது, ஆனால் சம்பல் மட்டும் ஒரு கரண்டிக்கு மேல் விழாது, கேட்டால் 'தேங்காய் விலையை அநுரவிடம் கேளுங்கோ அண்ணை' என்கிறார் பரிமாறுகிற தம்பி. 2024 செப்டெம்பரில் அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதித் தேர்தலில் வென்றபோது இங்கேதான் பிளேன்ரீயும் கையுமாக இனி எல்லாம் மலியும் என்று பேசினார்கள், நவம்பரில் பாராளுமன்றத் தேர்தலில் அவருடைய கூட்டணிக்கு 225 ஆசனங்களில் 159 வேறு கிடைத்தது, சரி என்று பார்த்தால் டிசம்பரில் நாட்டரிசி கிலோ 230 ரூபாய் என்று கட்டுப்பாட்டு விலை போட்டும் அரிசியைத் தேடி அலைய வேண்டியிருந்தது. முந்தின ஆட்சி வாங்கிய ஐ.எம்.எஃப். (சர்வதேச நாணய நிதிய) கடனைத் தலையில் சுமந்து வந்த ஆளிடம் மந்திரக்கோலா இருக்கும்? அதற்காக நேற்றைய சாம்பாரைச் சுட வைத்துத் தருவதற்கும் அரசாங்கமா பொறுப்பு? ஐந்துக்கு மூன்று. காலையிலேயே போங்கள், உளுந்து வடை சூடாகக் கிடைக்கும்.