அப்பாவின் புல்லட்டையும் கொடுத்து 1,38,000 ரூபாயும் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

நேற்று மதியம் ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில், சுடுகிற வெயிலில், அப்பாவின் புல்லட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அழுதேன். எனக்கு 46 வயது. அப்பா போனபோதுகூட நாலு பேர் பார்க்க நான் அப்படி அழவில்லை. ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. ஆறப்போட்டால் எழுதாமலே விட்டுவிடுவேன் என்று பயமாக இருப்பதால் இப்போதே உட்கார்ந்து எழுதுகிறேன்.

எங்கள் வீடு காலடிப்பேட்டையில். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. 1974-ல் வாங்கிய 350 புல்லட். திருவொற்றியூர் என்ஃபீல்டு கம்பெனியில் செய்த வண்டி. எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்தான். "நம்ம ஊர்ல பொறந்த வண்டிம்மா" என்று அப்பா சொல்லும்போதே முகம் மலரும். அந்தக் காலத்து புல்லட் ஓட்டியவர்களுக்குத் தெரியும்: கியர் வலது காலில், பிரேக் இடது காலில். உதைப்பதற்கு முன்னால் ஆம்பியர் மீட்டர் முள்ளைப் பார்த்து, டீகம்ப்ரசரை (இன்ஜினில் அடைபட்ட காற்றைத் திறந்துவிடுகிற லீவர்) பிடித்து, கிக்கரை மெதுவாக இறக்கி அந்த முள்ளை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். பள்ளிக்கூடம் போகிற வயதில் எனக்கும் தம்பிக்கும் அந்த முள்ளைப் பார்த்துச் சொல்வதுதான் வேலை. "நடுவுல வந்துச்சுப்பா" என்போம். அப்பா ஒரே உதை.

2022-ல் அப்பா தவறிப்போனார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். வண்டி மூன்று நாள் அதில் நின்றது. கடல் காற்றில் ஏற்கனவே ரிம்மும் ஸ்போக்ஸும் துருப்பிடித்திருந்தன. வெள்ளத்துக்கு அப்புறம் கிக்கர் இறங்கவே இல்லை. 30 வருஷமாக வண்டியைப் பார்த்த தண்டையார்பேட்டை மெக்கானிக் மாமாவுக்குக் கண் புரை, கடையை மூடிவிட்டார். அம்மாவுக்கு வண்டி அப்படிக் கிடப்பதைப் பார்க்கவே முடியவில்லை. சீட்டு எடுத்த பணத்தில் பாதியை அம்மா என் கையில் வைத்து, "உங்க அப்பா வண்டியை ஓட வையி" என்றார். மீதி என் சேமிப்பு.

பட்டறையின் பெயரை இங்கே போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அதனால்தான். பழைய புல்லட், யெஸ்டி, ராஜ்தூத் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கித் தருவதாக ஃபோனில் சின்னச் சின்ன வீடியோ போடுகிற இடம். துருப்பிடித்த வண்டி உள்ளே போகும், பாட்டு ஓடும், பளபளவென்று வெளியே வரும். ஆயிரக்கணக்கில் லைக். எங்கள் வடசென்னைப் பக்கம்தான் பட்டறை. அதனாலேயே இன்னும் நம்பிக்கை வந்தது.

நான் நம்பிய அந்த நிமிஷத்தைச் சொல்லியே ஆக வேண்டும். போன ஜனவரியில் வண்டியை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு போனோம். அந்த ஆள் வண்டியைச் சுற்றி வந்தார். விலை பேசவில்லை. சைடில் இருக்கும் டூல் பாக்ஸைத் திறந்தார். அந்த மூடியின் உள்பக்கம் அப்பா பென்சிலால் எழுதி வைத்திருப்பார்: என்றைக்கு ஆயில் மாற்றியது, என்றைக்கு பாயின்ட் செட் போட்டது, எல்லாம் தேதி வாரியாக. ஓரத்தில் என் பிரசவத் தேதியும் இருக்கும். அன்று ராத்திரி என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்து எழுதியது. அந்த ஆள் ஒவ்வொரு வரியாக, விரல் வைத்து, சத்தமாகப் படித்தார். படித்து முடித்துத் தன் சட்டை முனையால் மூடியைத் துடைத்தார். "அக்கா, இது வண்டி இல்லக்கா. உங்க அப்பா உக்காந்துனு இருக்காரு. இந்த மூடிக்கு உள்பக்கம் நான் பிரஷ்ஷே வைக்க மாட்டேன்" என்றார். என் கண் கலங்கிவிட்டது. அங்கேயே 50,000 ரூபாய் ஃபோனில் அனுப்பினேன். "அக்கா, பில் கேளு" என்று தம்பி மெதுவாகச் சொன்னான். அந்த ஆளுக்கு எதிரில் அப்படிக் கேட்டதற்கு அவனைத்தான் நான் திட்டினேன்.

விசிட்டிங் கார்டின் பின்பக்கம் ஒரு கணக்கு எழுதிக் கொடுத்தார், அவ்வளவுதான் காகிதம். இன்ஜின் பிரித்து போர் வேலை, ஓவர்சைஸ் பிஸ்டன், பிக் எண்ட், டிங்கரிங், பெயிண்ட், குரோம், புது ஸ்போக்ஸ். டேங்கில் தங்கக் கோடு கையால் போட வேண்டும், ஸ்டிக்கர் கூடாது என்று நான் இரண்டு முறை சொன்னேன். திருவொற்றியூர் கம்பெனியில் அந்தக் கோட்டைக் கையால்தான் இழுப்பார்கள், அப்பா அதைக் காட்டிக் காட்டிப் பெருமைப்படுவார். "நம்மகிட்ட கையில கோடு போடுற ஆள் இருக்காருக்கா" என்றார். மூன்று மாதம் என்று சொன்னார்.

ஏப்ரலில் இன்ஜின் வேலை முடிகிறது என்று 48,000 வாங்கினார். ஜூலையில் குரோமுக்கும் பெயிண்டுக்கும் 40,000. மொத்தம் 1,38,000 ரூபாய். அதற்கப்புறம் ஆரம்பித்தது. பெயிண்டர் ஊருக்குப் போயிருக்கார். புதுப்பேட்டையில் அந்த பார்ட் இல்லை, டெல்லி கரோல் பாக்கிலிருந்து வருது. லேத்காரர் பொண்ணுக்குக் கல்யாணம். ஆயுத பூஜைக்கு மாலை போட்டு எடுத்துக்கலாம். ஆயுத பூஜை போனது. மழை, பெயிண்ட் காயவில்லை. நான் ஃபோன் செய்தால் பையன் எடுப்பான்: "அண்ணன் சாப்புட்டுனு இருக்காருக்கா." ராத்திரி ஒன்பது மணிக்கும் சாப்பாடு, காலை பதினொரு மணிக்கும் சாப்பாடு. என் மெசேஜில் நீல டிக் விழும், பதில் வராது. ஆனால் அதே நாளில் புது வீடியோ மட்டும் வந்திருக்கும். நேரில் போனால், "என்னக்கா, என்மேல நம்பிக்கை இல்லையா?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரும்பி வந்தவள் நான்.

11 மாதம் கழித்து வண்டி வந்தது. தூரத்தில் இருந்து பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அம்மா ஆரத்தி எடுத்தார். கிட்டப் போய்ப் பார்த்தால் டேங்கில் தங்கக் கோடு ஸ்டிக்கர், மேலே லேக்கர். டூல் பாக்ஸ் புதுசு. "பழசு மக்கிப் போச்சுக்கா, தூக்கிப் போட்டுட்டோம்" என்றார். அந்த இடத்திலேயே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. ஆனாலும் சண்டை போடவில்லை, அம்மா சந்தோஷமாக இருந்தார். மூன்றாவது வாரத்தில் ரிம்மில் குரோம் உரிய ஆரம்பித்தது. சைலன்சரில் நீலப் புகை, அதாவது இன்ஜின் ஆயிலைக் குடிக்கிறது.

சரி, ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். 15 வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அப்பா கடைசியாக 2019-ல் செய்தது. பேரை அம்மாவுக்கு மாற்றும் வேலை முடிந்து, நேற்று வண்டியைக் காட்டப் போனோம். இன்ஸ்பெக்டர் இன்ஜின் நம்பர் மேல் பேப்பரை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். ஆர்.சி.யைப் பார்த்தார். மறுபடி தேய்த்தார். "அம்மா, இது வேற இன்ஜின்" என்றார். சேசிஸ் நம்பர் சரி. இன்ஜின் நம்பரில் ஒரு இலக்கம்கூட ஒத்துப்போகவில்லை. அவர் மரியாதையாகத்தான் சொன்னார்: இன்ஜின் மாற்றினால் முறைப்படி அனுமதி வாங்கிப் பதிய வேண்டும், இந்த நம்பர் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் கையெழுத்துப் போட முடியாது, திருட்டு வண்டியுடையதாக இருந்தால் உங்கள் தலையில்தான் வந்து விடியும். முதலில் போலீசில் எழுதிக் கொடுங்கள் என்றார்.

நேராகப் பட்டறைக்குப் போனோம். நம்பரைச் சொன்னதும் அந்த ஆள் கொஞ்சமும் தடுமாறவில்லை. "வண்டி வந்தப்பவே அப்படித்தான் இருந்துச்சு. உங்க அப்பாவே எப்பவாவது மாத்தியிருப்பாருக்கா, உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

பணம் போனதைவிட இந்த வார்த்தைதான் என்னை எரிக்கிறது. எந்த மனுஷரின் எழுத்தை விரல் வைத்துப் படித்தாரோ, அவர் மேலேயே பழி.

அப்பா ஃபைலில் எல்லாம் இருக்கிறது. 2019-ல் எடுத்த பென்சில் பிரின்ட்டின் ஜெராக்ஸ் இருக்கிறது, ஆர்.சி. நம்பர்தான் அதிலும். சாயங்காலம் மெக்கானிக் மாமாவை ஆட்டோவில் கூட்டி வந்தேன். அவர் கண்ணால் பார்க்கவில்லை, இன்ஜினின் அடிக்கூடான கிராங்க் கேஸின் பின்பக்கம் விரலால் தடவினார். 1991-ல் எண்ணூர் போகும் வழியில் செயின் அறுந்து கேஸில் அடித்து விரிசல் விட்டது. அதை அலுமினியம் வெல்டிங் வைத்தது இவர்தான். அந்தத் தழும்பு இல்லை. "இது நம்ம கேஸ் இல்லம்மா" என்று சொல்லிவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பழைய இன்ஜினுக்கு, அதுவும் வண்டியோடு பிறந்த இன்ஜினுக்கு, இப்போது நல்ல விலை உண்டு என்றும் அவர்தான் சொன்னார். 2021-ல் வந்த விதிப்படி 50 வருஷம் தாண்டிய வண்டியை, பெரிய மாற்றம் எதுவும் இல்லாமல் இருந்தால், விண்டேஜ் வண்டியாக 20,000 ரூபாய் கட்டிப் பதியலாம். தம்பிக்கு அந்த ஆசை இருந்தது. இன்ஜினே போன பிறகு அதற்கும் வழியில்லை.

ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுத்து, புகாரை வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கியாயிற்று. நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் பேசினேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை, அங்கேயும் போகப் போகிறேன். கையில் இருப்பது மூன்று ஃபோன் பண ரசீதும், மெசேஜும், அந்த விசிட்டிங் கார்டும்தான். 1,38,000 ரூபாய்க்கு ஒரு பில் இல்லை.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது மனசு ஓடவில்லை. வண்டியை விடுவதற்கு முன்னால் இன்ஜின் நம்பரையும் சேசிஸ் நம்பரையும் நீங்களே பென்சில் பிரின்ட் எடுங்கள், வீடியோவும் எடுங்கள், பட்டறைக்காரரின் கையெழுத்தை அதில் வாங்குங்கள். கழற்றிய பழைய சாமான் அத்தனையும், துருப்பிடித்த நட்டு உட்பட, திரும்ப வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். பில் இல்லாமல் பணம் அனுப்பாதீர்கள். வீடியோவில் வந்த வண்டிக்காரர் யாரையாவது தேடிப் பிடித்துப் பேசாமல் போகாதீர்கள், நான் பேசவில்லை.

நாளை காலை பத்து மணிக்கு மறுபடி ஸ்டேஷன். தம்பி லீவு போட்டிருக்கிறான். புதுப்பேட்டைப் பக்கமோ, பழைய இரும்புக் கடையிலோ, உள்பக்கம் பென்சிலால் தேதி எழுதிய புல்லட் டூல் பாக்ஸ் மூடியை யாராவது பார்த்தால் இங்கே சொல்லுங்கள். கடைசி வரி 2019 மார்ச், ஆயில் மாற்றியது. என்ன விலை சொன்னாலும் வந்து வாங்கிக்கொள்கிறேன்.