20 பைட்டும் ஆர்குளோனும்: மூன்று வருடத்துக்கு அப்புறம்

போன வாரம் நண்பன் கேட்டான்: "உன் சைட்டுக்கு பேக்கப் எதுலடா எடுக்கிற? எனக்கும் அதையே போட்டுக் குடு." கோப்புகளை கூகுள் டிரைவ் மாதிரி இடங்களுக்கு நகலெடுத்து அனுப்பும் இலவச மென்பொருள் ஆர்குளோன். அந்தப் பெயர் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை.

ஊர்த் திருவிழாப் படங்களும் பழைய விழா மலர்களின் ஸ்கேன்களும் இருக்கிற வேர்ட்பிரஸ் தளம் என்னுடையது. படங்கள் மட்டும் 6 ஜிபி. ராத்திரி இரண்டரைக்கு, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டிவிடும் கிரான், என் ஸ்கிரிப்டை எழுப்பும். அது பதிவுகள் இருக்கிற தரவுத்தளத்தை டம்ப் எடுத்து, அதாவது முழுசாக ஒரே கோப்பாக நகலெடுத்து, ஜிஜிப் என்ற சுருக்கும் கருவியில் சுருக்கி, படங்களோடு கூகுள் டிரைவுக்கு ஆர்குளோன் வழியாக அனுப்பும். முதல் ராத்திரிதான் மணிக்கணக்கில் ஓடியது. அப்புறம் மாறாத படத்தைத் தொடுவதே இல்லை, சில நிமிடத்தில் முடிந்துவிடும். 'தேர் வடம் பிடித்தல்' என்று தமிழிலேயே பெயர் வைத்த படங்கள்கூட எழுத்துக் குலையாமல் போய்ச் சேர்கின்றன. முன்பு ஜிப் போட்டு இறக்கியபோது அவை வெறும் கேள்விக்குறிகளாக வரும். சர்வரில் பிரவுசர் கிடையாது, அதனால் லேப்டாப்பில் கூகுள் அனுமதி வாங்கி, அது தரும் டோக்கன் என்ற நீளமான குறியீட்டை சர்வரில் ஒட்ட வேண்டும். ஒரு நாள் தலைவலி, போகட்டும்.

எரிச்சல் வேறு இடத்தில். ஆர்குளோன் வாயே திறக்காது.

ஒருநாள் ஏதோ பிளக்கின் அப்டேட் தரவுத்தளத்தைக் குதறிவைத்தது. சரி, பேக்கப் இருக்கிறதே என்று நேற்றைய டம்ப்பை இறக்கினேன். அளவு 20 பைட். முந்தின நாளுடையதும் 20 பைட். 41 நாளாக இதே கதை. தரவுத்தளக் கடவுச்சொல்லை மாற்றிய நான் ஸ்கிரிப்டில் மாற்ற மறந்திருக்கிறேன். டம்ப் தோற்றுப்போய் ஒன்றுமே வரவில்லை, அந்த ஒன்றுமில்லாததையும் ஜிஜிப் பொறுப்பாகச் சுருக்கினால் 20 பைட் வரும். அதை ஆர்குளோன் தினமும் பத்திரமாக மேலே ஏற்றியிருக்கிறது. கூடவே, 30 நாளுக்கு மேற்பட்டதை அழி என்று நான் எழுதிவைத்த வரியின்படி நல்ல டம்ப்புகளை ஒவ்வொன்றாகக் கழித்தும் கட்டியிருக்கிறது.

நியாயமாகப் பார்த்தால் அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை. டம்ப் கத்தியிருக்கும், கிரான் வரியின் கடைசியில் எல்லாச் சத்தத்தையும் டெவ் நல்லுக்கு, அதாவது எதைப் போட்டாலும் காணாமல் போகும் பள்ளத்துக்கு, தள்ளிவிட்டவன் நான்தான். ஆனால் அந்த ராத்திரி நியாயமா தோன்றும்? 38 எம்பி இருந்த கோப்பு 20 பைட் ஆனால், கூலிக்கு மூட்டை தூக்குகிறவர்கூட "என்ன சாமி, காலியா இருக்கே" என்று கேட்பார்.

காப்பாற்றியதும் அதே ஆர்குளோன்தான். டிரைவில் எதை அழிக்கச் சொன்னாலும், வேறு மாதிரி சொல்லாத வரை, அது குப்பைத் தொட்டிக்குத்தான் அனுப்பும். தொட்டியில் 30 நாள் இருக்கும். கடைசி நல்ல டம்ப் அங்கே பத்துப் பதினோரு நாளாகக் கிடந்தது. இன்னும் மூன்று வாரம் கழித்து விழித்திருந்தால் அதுவும் போயிருக்கும். 41 நாளில் போட்ட பதிவுகள் போனது போனதுதான்.

இப்போது ஸ்கிரிப்டின் தலையில் 'செட் -இ'யும் பைப்ஃபெயிலும் இருக்கின்றன. ஜிஜிப் ஜெயித்தாலும் டம்ப் தோற்றதைப் பைப்ஃபெயில் மறைக்காது, 'செட் -இ' எல்லாவற்றையும் நிறுத்திவிடும். 1 எம்பிக்குக் குறைந்த கோப்பு மேலே ஏறாது, எனக்கு மெயில் வரும். படங்களுக்கு சிங்க் போடும் இடத்தில், அதாவது டிரைவை இங்கே இருப்பதைப் போலவே ஆக்கும் இடத்தில், பேக்கப்-டிர் சேர்த்தேன். அழிய வேண்டியதை அது தனி ஃபோல்டருக்கு நகர்த்திவைக்கும். இல்லையென்றால் இங்கே தவறி அழித்தது அங்கேயும் அழியும். மாதம் ஒருமுறை டம்ப்பை வேறொரு சோதனைத் தரவுத்தளத்தில் ஏற்றிப் பார்க்கிறேன்.

மூன்று வருடத்தில் ஒருமுறைகூட ஆர்குளோன் தன் வேலையில் பிசகியதில்லை. காசும் கிடையாது. இருந்தும் நண்பனிடம், "உனக்கு இது வேண்டாம்டா, மாசாமாசம் காசு கட்டி ஹோஸ்டிங்காரங்ககிட்டயே பேக்கப் வாங்கிக்கோ" என்றேன்.

"அப்போ நீ மட்டும் ஏன் மாத்தல?"

பதில் சொல்லவில்லை. இன்று காலையும் எழுந்ததும் போனில் டம்ப்பின் அளவைத்தான் பார்த்தேன்: 41 எம்பி.