ஸ்ட்ரட் பிரேஸ்: கார்பன் ஃபைபரா, அலுமினியமா?

முன்பக்க ஸ்ட்ரட் டவர்கள் (சஸ்பென்ஷனின் மேல்முனை வண்டி உடலோடு சேரும் இடங்கள்) இரண்டையும் இணைத்து, வளைவில் வேகமாகத் திரும்பும்போது அவை நெளியாமல் பிடித்துக்கொள்வதுதான் ஸ்ட்ரட் பிரேஸின் வேலை.

கார்பனுக்கு நல்ல உதாரணம் 2014-இல் வந்த பிஎம்டபிள்யூ எம்3, எம்4. கம்பெனியே பொருத்திய அந்த பிரேஸின் எடை வெறும் 1.5 கிலோ. சும்மா குறுக்குக் கம்பி இல்லை அது. ஒரே துண்டாக வளைந்து, வண்டியின் முன்பகுதியையும் டவர்களோடு சேர்த்துக் கட்டுகிறது. இப்படி விசை போகும் திசையில் நாரை அடுக்கினால் கார்பனுக்கு நிகர் கிடையாது.

கடையில் வாங்கும் பிரேஸ் கதையே வேறு. பலவற்றில் நடுக்குழாய் மட்டும்தான் கார்பன். முனைகள் பசை போட்டு ஒட்டிய அலுமினியம். சிலவற்றில் அலுமினியக் குழாய்மேல் கார்பன் துணி சுற்றியிருக்கும், அவ்வளவுதான். வாங்குமுன் முனையைப் பாருங்கள். தகடும் குழாயும் சேரும் இடம் ஒற்றை போல்ட்டில் கீல் மாதிரி ஆடினால், நடுவில் எது இருந்தும் பெரிய பலன் இல்லை. டர்போ பக்கத்தில் வருகிறதென்றால் சூட்டையும் யோசியுங்கள். கார்பன் நாரைப் பிணைக்கும் எபாக்சி பிசின் அதிகச் சூட்டில் இளகும்.

அலுமினியம் கனம்தான். ஆனால் ஒரு பிரேஸில் மிச்சமாகும் எடை ஒரு கிலோவைத் தாண்டுவது அரிது. அடிபட்டால் அலுமினியம் வளைந்து காட்டிக்கொடுக்கும். கார்பன் உள்ளே விரிசல் விட்டாலும் வெளியே பளபளக்கும். தினசரி ஓட்டத்துக்கும் எப்போதாவது டிராக்குக்கும், முனைகளை வெல்டிங் செய்த நேரான அலுமினிய பிரேஸ்தான் என் தேர்வு. மாஸ்டா எம்எக்ஸ்-5 மாதிரி டபுள் விஷ்போன் வண்டி (சக்கரத்தை மேலும் கீழும் இரண்டு கைகள் பிடிப்பதால் டவர்மேல் பக்கவிசை குறைவு) என்றால் இரண்டுக்குமே அவசரமில்லை, முதலில் நல்ல டயர் போடுங்கள்.