கல்லாவுக்குப் பின்னால் படித்த கதைகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் 11 வருஷமாக மருந்தாளுநராக இருக்கிறேன். மதியம் 2 மணிக்கு மேல் டாக்டர்கள் சாப்பிடப் போய்விடுவார்கள், சீட்டோடு யாரும் வரமாட்டார்கள். 4 மணி வரைக்கும் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து படிப்பேன். போன மழைக்காலத்திலிருந்து துப்பறியும் கதை, மந்திரக் கதை, பேய்க்கதை என்று மூன்று வகையிலும் மாறி மாறிப் படித்துவந்தேன். அதில் யாருக்கும் தயங்காமல் கொடுக்கக்கூடியவை நான்கு. ஒன்றை மட்டும் யாருக்கும் கொடுக்கமாட்டேன்.

முதலில் அகதா கிறிஸ்டியின் 'தி மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்'. 1920-ல் வந்த அவருடைய முதல் நாவல். புதுச்சேரி ஞாயிறு சந்தையில் பழைய புத்தகக் குவியலில் கிடைத்தது, 60 ரூபாய். முதல் உலகப் போர் சமயத்தில் கிறிஸ்டி தன் ஊரான டார்க்கீயில் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்த்தவர். என்னைப் போலவே பாட்டில்களுக்கு நடுவில் நின்றவர். படிக்கப் படிக்க அது தெரிகிறது. பணக்கார அம்மாள் ஒருவர் விடியற்காலையில் ஸ்டிரிக்னின் விஷத்தால் உடம்பு வில்லாக வளைந்து சாகிறார். ஸ்டிரிக்னின் சீக்கிரம் வேலை செய்கிற விஷம். முந்தின இரவு காபியில் கலந்திருந்தால் ஏன் இவ்வளவு நேரம் ஆனது? கதை முழுக்க இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான்.

ஸ்டிரிக்னின் எதிலிருந்து எடுப்பது தெரியுமா? நம்ம எட்டிக்கொட்டையிலிருந்து. 'எட்டி பழுத்தென்ன, ஈயாதார் வாழ்ந்தென்ன' என்று சொல்கிறோமே, அதே எட்டி. அந்தக் காலத்தில் கொஞ்சூண்டு அளவில் சத்து டானிக்கிலும் சேர்ப்பார்கள். ஒரு சிரப் பாட்டில் லேபிளில் மருந்தின் பெயருக்குக் கீழே சின்னதாக ஒரு வரி இருக்கும், அதை நான் தினமும் 20 பேரிடம் வாய்விட்டுச் சொல்கிறேன். அந்த வரி ஏன் இருக்கிறது என்று யோசித்தவர்கள் இந்தக் கொலையின் சூட்சுமத்தைப் பிடித்துவிடலாம். எந்த வரி என்று சொன்னால் கதை கெட்டுவிடும். வேதியியலில் ஒரு பொய் கிடையாது. இங்கிலாந்தில் மருந்தாளுநர்களுக்கான பத்திரிகையே இதைப் பாராட்டி எழுதியது. பின்னாளில் கிறிஸ்டிக்கு எத்தனையோ பெருமை சேர்ந்திருக்கும், ஆனால் எனக்கு இந்தப் பாராட்டுதான் பெரிசாகப் படுகிறது.

கதையில் விஷம் வாங்கியவர் கடைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிற ஒரு இடம் வரும். எங்கள் கடையிலும் ஷெட்யூல் எச்1 பதிவேடு உண்டு, கண்டிப்பான கட்டுப்பாடு உள்ள மருந்துகளுக்கானது. டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை எல்லாம் எழுதி 3 வருஷம் பாதுகாக்க வேண்டும். அந்தப் பக்கத்தைப் படித்தபோது பதிவேடு என் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. எடுத்து ஒருமுறை புரட்டிப் பார்த்தேன்.

இரண்டாவது, சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்'. வக்கீல்கள் கணேஷ், வசந்த், பெரிய சொத்து, பேய் நடமாட்டம், லேசர், ஹோலோகிராம். வேகத்தில் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. கல்லூரியில் படித்தபோது வசந்துக்காகப் படித்தேன், இப்போது கணேஷுக்காகப் படித்தேன். பாதிப் பேருக்கு ஏற்கெனவே தெரிந்த புத்தகம் என்பதால் இதோடு விடுகிறேன்.

மூன்றாவது உர்சுலா கே. லெ குவின் எழுதிய 'எ விசர்ட் ஆஃப் எர்த்சீ', 1968-ல் வந்தது. மந்திரக் கதை என்றால் குழந்தைகளுக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கெட் என்று ஒரு ஆடு மேய்க்கும் பையன். தீவுகளும் கடலுமாக இருக்கிற உலகம். அங்கே எல்லாப் பொருளுக்கும் ஒரு உண்மைப் பெயர் உண்டு, அது தெரிந்தால் அதை ஆளலாம். அதனால் தன் உண்மைப் பெயரை யாரும் வெளியே சொல்வதில்லை.

இதைப் படிக்கும்போது எனக்கு ஆயா ஞாபகம். தேவனாம்பட்டினத்தில் ஆயா வீட்டில் படுத்திருப்போம், வெளியே கடல் இரைச்சல். "ராத்திரில யாரு பேரு சொல்லிக் கூப்ட்டாலும் மூணாவது தடவ கூப்பிடற வரைக்கும் ஏன்னு கேக்காத பாப்பா. பேயி ஒரு தடவதான் கூப்புடும்" என்று சொல்லும். பெயருக்கு ஒரு பலம் இருக்கிறது என்று ஆயா நம்பியது. எங்கோ அமெரிக்காவில் ஒரு பெண்மணி அதையே அஸ்திவாரமாக வைத்து ஓர் உலகத்தைக் கட்டியிருக்கிறார்.

கெட் படிக்கப்போன இடத்தில் வீம்புக்காகச் செத்தவளைக் கூப்பிடுகிறான். கூடவே ஒரு நிழலும் வந்துவிடுகிறது. அதை வெளியே விட்டதற்கு அவனுக்கு முகத்தில் தழும்பு, அவனைக் காப்பாற்ற வந்த முதிய குருவுக்கு உயிரே போகிறது. எனக்குப் பிடித்தது இதுதான். இந்த உலகத்தில் மந்திரத்துக்கு விலை உண்டு. மருந்துக்கு அளவு இருக்கிற மாதிரி. முதல் அத்தியாயத்தில் சொன்ன விதியைக் கடைசிப் பக்கம் வரை ஆசிரியர் ஒரு இடத்தில்கூட மீறவில்லை. ஆங்கிலம் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டிய ஆங்கிலம். எனக்கு 3 வாரம் ஆனது.

கொடுக்கமாட்டேன் என்று சொன்ன புத்தகம் இங்கேதான் வருகிறது. சமீபத்திய தமிழ்ப் பேய் நாவல், பெயர் வேண்டாம். 3-ஆம் அத்தியாயத்தில் அந்தப் பேயால் வீட்டு வாசற்படியைத் தாண்ட முடியாது. வேப்பிலை, மஞ்சள் என்று அதற்காகவே 10 பக்கம். 19-ஆம் அத்தியாயத்தில் அது நேராகச் சமையற்கட்டில் நிற்கிறது. ஏன், எப்படி, ஒரு வரி விளக்கம் கிடையாது. போதாததற்கு ஒரு தூக்க மாத்திரையில் ஆள் ஒரு நிமிஷத்தில் சாய்கிறான். எந்த மாத்திரையும் அப்படி வேலை செய்யாது. பக்கத்து மெடிக்கலில் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பார்கள். படிக்கிறவர்கள் பயப்படத் தயாராகத்தான் வருகிறார்கள். அவர்களை இப்படி ஏமாற்றக் கூடாது.

கடைசியாக புதுமைப்பித்தனின் சிறுகதை 'காஞ்சனை'. அவர் பிறந்தது எங்கள் திருப்பாப்புலியூரில், 1906-ல். தினமும் கெடிலம் பாலம் தாண்டி வேலைக்குப் போகிற எனக்கு இது 30 வயதுக்கு மேல்தான் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் யாராவது சொல்லியிருக்கலாம்.

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்த இரவு. கரண்ட் போய்விட்டது. வீட்டுக்காரருக்கு சிப்காட்டில் நைட் ஷிப்ட், வர முடியவில்லை. பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். அத்தைக்குத் தூக்கம் வராது, காற்றுச் சத்தம் வேறு. "எதாவது படிம்மா, கேட்டுக்கினு இருக்கேன்" என்றார். மெழுகுவத்தியை ஒரு டம்ளரைக் கவிழ்த்து அதன்மேல் நிறுத்திக்கொண்டு 'காஞ்சனை'யை ஆரம்பித்தேன்.

கதை சொல்கிறவர் ஓர் எழுத்தாளர். ராத்திரியில் தூக்கமில்லாமல் கிடக்கிறார். அறையில் ஒரு வாசனை வருகிறது, மணமாக, நாற்றமாக. எங்கிருந்து என்று தெரியவில்லை. பிறகு வீட்டு வாசலுக்கு ஒரு பெண் வருகிறாள். மனைவி இரக்கப்பட்டு அவளை வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். பெயர் காஞ்சனை. இவ்வளவுதான் சொல்வேன். கோரமான உருவமோ அலறலோ எதுவும் தேவைப்படவில்லை, மூக்கு வழியாகவே பயத்தை உள்ளே விட்டுவிடுகிறார். அன்றைக்கு எங்கள் வீட்டில் ஈரச் சுவர் வாடை, மெழுகுவத்திப் புகை, கொல்லையில் முறிந்த முருங்கைக் கிளையின் பச்சை வாடை. அந்தப் பத்திகளைப் படிக்கும்போது அத்தை ஒருமுறை மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். நானும்.

முடித்துவிட்டுப் புத்தகத்தை மூடினேன்.

"ஏம்மா நிறுத்திட்ட?"

"முடிஞ்சிடுச்சு அத்த."

"அந்தப் பொம்பள மனுஷியா, பேயா? அத சொல்லு மொதல்ல."

"அத அவரு சொல்லல அத்த."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னார்: "சொல்லாம வுட்டா அவ இங்கதான இருப்பா."

அந்த ராத்திரி ரெண்டு பேரும் பிள்ளைகளோடு ஒரே அறையில் படுத்தோம்.

கதை தன் விதியைக் காப்பாற்ற வேண்டும் என்கிறேனே, 'காஞ்சனை' எதையும் விளக்கவில்லையே என்று கேட்கலாம். விளக்கமாட்டேன் என்பதுதான் அதன் விதி. முதல் வாசனையிலேயே அதைச் சொல்லிவிடுகிறது, கடைசி வரை மீறவும் இல்லை. எத்தனை தடவை படித்தாலும் ஒரு சொல்லைக்கூட எடுக்கத் தோன்றவில்லை.

ஒன்று மட்டும் மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. 'காஞ்சனை' வெளியானது 1943. காசநோய்க்கு முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசினை ஆய்வுக்கூடத்தில் கண்டெடுத்ததும் அதே 1943. புதுமைப்பித்தன் காசநோயில் இறந்தது 1948-ல், 42 வயதில். காசநோய் மாத்திரைகளும் எச்1 பதிவேட்டில் ஏறுகிறவைதான். கூலி வேலைக்குப் போகிற ஆட்கள், 20 வயசுப் பையன்கள் என்று வந்து வாங்கிப்போகிறார்கள். 6 மாசம் ஒழுங்காகச் சாப்பிட்டால் பெரும்பாலும் குணமாகிவிடுகிறது. ஒவ்வொரு அட்டையை எடுத்துக்கொடுக்கும்போதும், நடுவில் நிறுத்திடாதீங்க என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்புகிறேன்.

புதுமைப்பித்தன் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை. இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். கையில் பிடித்துப் படிக்கிறவர்கள் ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த காலச்சுவடு தொகுப்பை வாங்குங்கள், பாடம் சுத்தமாக இருக்கும். கனமான புத்தகம், படுத்துக்கொண்டு படிக்க முடியாது. அதிலேயே 'செவ்வாய் தோஷம்' இருக்கிறது, 'பிரம்ம ராக்ஷஸ்' இருக்கிறது, 'கபாடபுரம்' இருக்கிறது. பேயும் மாயமும் ஒரே அட்டைக்குள். அத்தைக்கு அடுத்து 'செவ்வாய் தோஷம்' படித்துக்காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன். பகலில் படி என்றிருக்கிறார்.