தேயிலை ஃபேக்டரிக்குப் பயிற்சி வீடியோ: பிரவுசரில் இருக்கும் ஏஐ கருவிகளில் எது கைகொடுக்கும்?

குன்னூர், கோத்தகிரி பக்கம் இருக்கும் தேயிலை ஃபேக்டரிகளுக்கு இப்போது பயிற்சி வீடியோ அவசியமாகிவிட்டது. சீசன் தொடங்கினால் புது ஆட்கள் வருகிறார்கள். உள்ளூர்க்காரர்களோடு ஜார்க்கண்ட், அசாம், பீகாரிலிருந்து வந்தவர்களும் இருக்கிறார்கள். ரோலர் பக்கத்தில் எப்படி நிற்பது, டிரையர் கதவை எப்போது திறப்பது என்று ஒவ்வொருவருக்கும் சூப்பர்வைசர் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. மூன்று நிமிட வீடியோ வாட்ஸ்அப்பில் இருந்தால் வேலைக்கு ஏறும் முன் எல்லோரும் ஒருமுறை பார்த்துவிடலாம்.

எடிட்டிங் மென்பொருள் வாங்காமல், பிரவுசரிலேயே இந்த வேலையை முடித்துத் தரும் ஏஐ கருவிகள் நிறைய இருக்கின்றன. மூன்று வகையாகப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் தீரும். செயற்கை மனித முகம் (அவதார்) ஒன்று திரையில் நின்று பேசுவது ஒரு வகை. சிந்தீசியாவும் ஹேஜெனும் அப்படி. நாமே ஃபோனில் எடுத்த காட்சிக்கு ஏஐ குரலும் எழுத்தும் சேர்ப்பது இரண்டாவது வகை. மைக்ரோசாஃப்டின் கிளிப்சாம்ப் இதில் முன்னால் நிற்கிறது. நாலு வரி எழுதிக் கொடுத்தால் காட்சி முதற்கொண்டு எல்லாவற்றையும் தானே போட்டுத் தருவது மூன்றாவது.

மூன்றாவதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இன்வீடியோ மாதிரியானவை பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும் ஸ்டாக் காட்சிகளைத் தேடி ஒட்டித் தருகின்றன. தேயிலைத் தோட்டம் என்று கேட்டால் அழகான பச்சைச் சரிவு வரும். அது மூணாறாக இருக்கலாம், சீனாவாகவும் இருக்கலாம். விளம்பரத்துக்குக்கூட அதை நான் போட மாட்டேன். கூகுளின் வீயோ போன்றவை காட்சியையே புதிதாக உருவாக்குகின்றன. பாதுகாப்புப் பயிற்சியில் இதை அறவே தவிர்க்க வேண்டும். இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் சிடிசி மெஷினில் இரண்டு ரோலர்கள் எதிரெதிர்த் திசையில் சுற்றும். ஒன்று மற்றதைவிட ஏறத்தாழ 10 மடங்கு வேகம். பற்கள் இலையைக் கிழிக்கும் அந்த இடுக்கில்தான் ஆபத்து இருக்கிறது. ஏஐ வரைந்த மெஷினில் ரோலர் எந்தப் பக்கமும் சுற்றலாம், எமர்ஜென்சி பட்டன் எங்கேயும் இருக்கலாம். புதிதாக வந்த பையன் அதைப் பார்த்து மனத்தில் வைத்துக்கொண்டு மெஷின் முன்னால் போய் நின்றால் என்ன ஆகும்?

உண்மையான போட்டி முதல் இரண்டு வகைகளுக்கு நடுவில்தான்.

சிந்தீசியா 2017இல் லண்டனில் தொடங்கிய நிறுவனம். கார்ப்பரேட் பயிற்சிதான் அதன் முக்கியச் சந்தை. எழுதியதை ஒட்டினால் கோட்டு போட்ட ஒருவர் தமிழில் பேசுவார். ஹேஜெனும் அதே மாதிரிதான். நம் மேனேஜரின் முகத்தையே அவதாராக்கலாம் என்றாலும், அதற்கு அவர் கேமரா முன்னால் சம்மதம் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். அந்தக் கட்டுப்பாடு நல்லது, இருக்கத்தான் வேண்டும். மலையில் இருக்கும் நமக்கு இந்த வகையில் ஒரு பெரிய வசதி உண்டு. மேலே ஏற்ற வேண்டியது வெறும் எழுத்துதான், வீடியோ அவர்களுடைய சர்வரில் தயாராகும். சிக்னல் ஒரு கோடு, இரண்டு கோடு என்று ஆடும் ஊரிலும் வேலை நடக்கும்.

ஆனால் ஆட்கள் அதை நம்ப வேண்டுமே. இப்படி ஒரு வீடியோவைக் காட்டியபோது ரோலரில் பல வருஷம் நின்ற ஆபரேட்டர் ஒருவர் கேட்டார்: “தம்பி, இந்தப் பொண்ணு எந்த ஃபேக்டரி? ரோலர் கிட்ட நின்னிருக்காளா?” அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. கையைப் பாதுகாத்துக்கொள்ளச் சொல்பவர் அந்த வேலையைச் செய்த கையோடு வந்து சொன்னால்தான் எடுபடும். லீவு விதி, சம்பளச் சீட்டு, பிஎஃப் எண் போன்ற அலுவலக விஷயங்களுக்கு அவதார் போதும். மெஷினுக்குப் போதாது.

பணமும் இடிக்கிறது. இலவசத் திட்டத்தில் நிமிடக் கணக்கு குறைவு, வீடியோ மேல் அவர்கள் முத்திரையும் (வாட்டர்மார்க்) விழும். அதற்கு மேல் வேண்டுமென்றால் டாலரில் மாதச் சந்தா. 2021 அக்டோபரில் தானாகப் பணம் பிடிப்பதற்கு ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு, சில கார்டுகளில் வெளிநாட்டுச் சந்தா பாதியில் நின்றுவிடுகிறது. கூட்டுறவு ஃபேக்டரியின் கணக்கில் இப்படி ஒரு செலவை ஏற்றுவதே பெரும்பாடு.

கிளிப்சாம்ப் ஆஸ்திரேலியாவில் பிறந்தது, 2021இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. குரோம் அல்லது எட்ஜ் இருந்தால் போதும். இலவசமாகவே வாட்டர்மார்க் இல்லாமல் 1080பி (முழு எச்டி) தரத்தில் வீடியோவை எடுத்துக்கொள்ளலாம். வெட்டி ஒட்டுவதும் கடைசியில் வீடியோ தயாராவதும் நம் கணினியின் பலத்தில்தான் நடக்கின்றன. இது ஏன் முக்கியம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஃபோனில் 1080பியில் எடுத்தால் நிமிடத்துக்கு 100 எம்பி சுலபமாக ஆகிவிடும். பத்து நிமிடக் காட்சி 1 ஜிபி. அப்லோடு வேகம் 2 எம்பிபிஎஸ் என்றால் அதை ஏற்றவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஜூன், ஜூலை மழையில் லைனில் மரம் விழுந்து கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து. கணக்கின் வகையைப் பொறுத்து மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பகமான ஒன்டிரைவிலும் பிரதி ஏறக்கூடும், அந்த அமைப்பை முதலிலேயே பார்த்துவிடுங்கள். அப்புறம், கணினியில் 8 ஜிபி ராமாவது வேண்டும். அலுவலகத்து மூலையில் கிடக்கும் பழைய கணினி திணறும்.

அதன் குரலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீடியோவின் உயிர் அங்கேதான். மைக்ரோசாஃப்டின் தமிழ்க் குரல்களில் பல்லவி பெண் குரல், வள்ளுவர் ஆண் குரல். இரண்டுமே தெளிவாகப் பேசுகின்றன. ஃபேக்டரி இரைச்சலில் ஃபோனைக் காதோடு வைத்துக் கேட்பவர்களுக்கு வள்ளுவர் குரலைவிடப் பல்லவி எடுப்பாகக் கேட்கும் என்பது என் கணிப்பு. ‘இயந்திரத்தின் இயக்கத்தை நிறுத்திய பின்னரே’ என்று எழுதிக் கொடுத்தால் செய்தி வாசிப்பது போலிருக்கும். ‘மெஷினை ஆஃப் பண்ணுங்க. ரோலர் முழுசா நிக்கட்டும். அப்புறம் கிட்ட போங்க’ என்று பேசுகிற மாதிரி, சின்னச் சின்ன வாக்கியமாக எழுதிக் கொடுங்கள். அதே குரல் சூப்பர்வைசர் பேசுவது போல ஆகிவிடும். எண்களை எழுத்தால் எழுதுவது நல்லது. பெல்ட், கார்டு (மெஷினின் பாதுகாப்பு மூடி) போன்ற சொற்களைத் தமிழில் எழுதும்போது குரல் வல்லெழுத்தாகப் படித்துவிட்டால், அந்த ஒரு சொல்லை மட்டும் ஆங்கில எழுத்தில் அடித்துப் பாருங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்.

இலங்கைத் தமிழுக்கென்று குமார், சரண்யா என்ற குரல்களும் மைக்ரோசாஃப்டிடம் உண்டு. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் கூடலூர், கோத்தகிரி பக்கம் நிறைய இருப்பதால் அதைப் பயன்படுத்தலாமா என்று தோன்றும். வேண்டாம். அவர்களுடைய தோட்டத்துப் பேச்சு வேறு.

பிரவுசரிலேயே டிசைன் செய்யும் கேன்வா தமிழ் எழுத்துருக்களுக்கு நல்லது. ‘உள்ளே செருப்பு போடாதீர்கள்’ மாதிரி நோட்டீஸ் அட்டைகளை அதில் செய்து கிளிப்சாம்பில் கொண்டுவந்து சேர்க்கலாம். முழு வீடியோவையும் அதிலேயே செய்தால் காட்சிகளையெல்லாம் மேலே ஏற்ற வேண்டும், பழைய சிக்கல்தான். கூகுளின் வீடியோ கருவியான விட்ஸ் 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. ஸ்லைடு போடுகிற கைக்கு எளிது, ஏற்கெனவே கூகுளின் அலுவலகச் சேவையான வொர்க்ஸ்பேஸ் வைத்திருக்கும் ரிசார்ட்டுகள் தங்கள் ரிசப்ஷன் ஆட்களுக்குச் செய்து பார்க்கலாம்.

இந்திப் பதிப்புக்கு மட்டும் என் தேர்வு கொஞ்சம் வேறு. தமிழில் முடித்த அதே வீடியோவில் குரல் தடத்தை மட்டும் மாற்றி, கிளிப்சாம்பின் இந்திக் குரலைப் போட்டாலே பெரும்பாலான இடங்களுக்குப் போதும். நம் சூப்பர்வைசர் நேரே கேமராவைப் பார்த்துப் பேசும் காட்சி இருந்தால் ஹேஜெனின் மொழிமாற்றம் அவர் உதட்டசைவையும் சேர்த்து மாற்றித் தரும். அவரிடம் கேட்டுக்கொண்டு, அந்த ஒரு துண்டுக்கு மட்டும் காசு செலவழிக்கலாம். மொழிபெயர்ப்பை இந்தி தெரிந்த தொழிலாளி ஒருவரிடம் போட்டுக்காட்டிச் சரிபார்க்காமல் அனுப்பக் கூடாது.

நீலகிரியில் படுகர்கள் பேசும் படுக மொழிக்கு இந்தக் கருவிகள் எதிலும் குரல் இல்லை. இலை கொண்டுவரும் சிறு விவசாயிகளில் படுகர்கள் அதிகம். கொழுந்து எப்படி வர வேண்டும், சாக்கில் எவ்வளவு அடைக்கலாம் என்று அவர்களுக்கு வீடியோ செய்யும்போது, அந்த மொழி பேசும் சூப்பர்வைசரையே ஃபோனில் பேசச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். மெஷின் ஓடாத நேரத்தில், ஜன்னல் சாத்திய அலுவலக அறையில், ஃபோனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்துப் பேசினால் போதும். கிளிப்சாம்பில் ஏஐ குரல் இருந்த இடத்தில் அந்தப் பதிவை வைத்து, கோப்பின் பெயரிலேயே மொழியையும் மாதத்தையும் எழுதி, அந்தந்த வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள்.