பக்கத்துல யாரு இருக்காங்கன்னு காட்டற ஆப்ஸ்: சில வருஷம் யூஸ் பண்ணதுக்கு அப்புறம்

வேலைக்காக ஊர் மாறினப்போ ஃபோன்ல புதுசா ஏத்தினதுல பாதி, பக்கத்துல யார் யார் இருக்காங்கன்னு காட்டற ஆப்ஸ்தான். ஆச்சு சில வருஷம். டேட்டிங் மட்டும் நோக்கம் இல்ல (அதுவும் கொஞ்சம் இருந்துச்சுன்னு வச்சுக்கங்களேன்), சாயங்காலம் பேச ஒரு ஆள் வேணும், ஷட்டில் ஆட ரெண்டு பேர் வேணும், அவ்ளோதான். இப்போ ஃபோன்ல மிச்சம் இருக்கறது ஒண்ணே ஒண்ணு. மத்ததெல்லாம் ஏன் போச்சு, அது மட்டும் ஏன் தங்குச்சுன்னு எழுதறேன், ஏன்னா ஆப் ஸ்டோர்ல அஞ்சு ஸ்டார் போடறவங்க பாதிப்பேரு இன்ஸ்டால் பண்ண அன்னிக்கே போட்டுட்டுப் போயிடறாங்க.

முதல்ல அந்த கி.மீ. நம்பர். ‘2 கி.மீ. தூரத்தில்’னு பார்த்ததும் நமக்கு என்ன தோணும், எழுந்து நடந்தா போயிடலாம்னு. அப்படி இல்லைங்க. நிறைய ஆப்ஸ்ல அது அந்த ஆள் கடைசியா ஆப்ப திறந்தப்போ இருந்த இடம், இப்போ இருக்கற இடம் இல்ல. ட்ரெயின்ல நம்ம ஏரியாவைத் தாண்டிப் போறப்போ ஒரு தடவ திறந்து பார்த்திருப்பாங்க, நமக்கு ரெண்டு நாளா ‘பக்கத்துல’ன்னு காட்டிட்டு இருக்கும். அப்புறம் அது நேர்கோட்டு தூரம், காக்கா பறக்கற கணக்கு. நடுவுல தண்டவாளமோ ஆறோ இருந்தா அந்த 2 கி.மீ. சுத்திப்போக முக்கால் மணி நேரம் ஆகும், அது ஆப்புக்குத் தெரியாது.

சரி, ஏன் மீட்டர் கணக்குல துல்லியமா காட்ட மாட்டேங்கறான்னு கேக்கறவங்களுக்கு ஒரு பழைய கதை. டிண்டர்ங்கற டேட்டிங் ஆப் 2012ல வந்துச்சு. ஸ்க்ரீன்ல ரவுண்டா மைல் கணக்குதான் காட்டுவான், ஆனா பின்னாடி சர்வர்ல இருந்து வர்ற டேட்டால தூரம் தசமப் புள்ளிக்கு அப்புறம் நீளமா, ரொம்ப துல்லியமா வந்துட்டு இருந்திருக்கு. மூணு வேற வேற இடத்துல நிக்கற மாதிரி பொய் லொகேஷன் கொடுத்து, ஒவ்வொரு இடத்துல இருந்தும் அந்த தூரத்துக்கு ஒரு வட்டம் போட்டா, மூணு வட்டமும் வெட்டிக்கற இடத்துல அந்த ஆள் மாட்டிக்குவாங்க. இத இன்க்ளூட் செக்யூரிட்டின்னு ஒரு கம்பெனி கண்டுபிடிச்சு 2014ல வெளிய சொன்னாங்க, அதுக்குள்ள டிண்டர் சரிபண்ணிட்டான். அதனால ‘1 கி.மீ.’னு பொத்தாம்பொதுவா காட்டினா எரிச்சல் படாதீங்க. மீட்டர் கணக்கா காட்டற ஆப்தான் டேஞ்சர், அப்படி ஒண்ணு சிக்குச்சுன்னா அன்னிக்கே தூக்கிடுங்க.

டெலிகிராம்லயும் ‘பீப்பிள் நியர்பை’னு ஒண்ணு இருந்துச்சே, ஞாபகம் இருக்கா? 2024 செப்டம்பர்ல எடுத்துட்டாங்க. 0.1 சதவீதத்துக்கும் கம்மியான பேர்தான் யூஸ் பண்றாங்க, பாட்களும் (ஆள் இல்லாம ப்ரோக்ராம் ஓட்டற போலி அக்கவுண்ட்) மோசடிக்காரங்களும்தான் பிரச்சனைன்னு டெலிகிராம் ஓனர் துரோவே சொன்னாரு. யூஸ் பண்ணவங்களுக்கு இதுல ஆச்சரியமே இருக்காது. பக்கத்துல இருக்கறவங்கள சும்மா லிஸ்ட் போட்டு காட்டினா அங்க முதல்ல வந்து நிக்கறது எதையாவது விக்கறவன்தான். ஃபோட்டோல சினிமா ஹீரோயின் மாதிரி ஒரு ஆள், மூணாவது மெசேஜ்லயே ‘வாட்ஸ்அப் வாங்க, இங்க நான் அதிகம் வர்றதில்ல’, அடுத்த வாரம் கிரிப்டோல மாமா ஒருத்தர் நல்லா சம்பாதிக்கறாருன்னு பேச்சு. இந்த வரிசை மாறவே மாறாது. ஒரு வீடியோ கால் போடலாமான்னு கேட்டுப் பாருங்க, கேமரா ரிப்பேர் ஆயிடும்.

ஹாப்ன்னு ஒண்ணு, 2014ல பாரிஸ்ல ஆரம்பிச்சது, நாம போற வழியில நம்மள கடந்து போனவங்கள காட்டும். ஐடியா கேக்க ரொமான்டிக்கா இருக்கும், ஆனா யோசிச்சுப் பாருங்க, தினமும் ஒரே பஸ் ஸ்டாப்ல நிக்கற ஒருத்தருக்கு நம்ம டைமிங் முழுக்க தெரிஞ்சு போகும். நான் ரொம்ப நாள் வச்சுக்கல.

அப்புறம் ஃப்ரெண்ட்ஸுக்குன்னே ஸ்வைப் பண்ற ஆப்ஸ். பம்பிள்ங்கற டேட்டிங் ஆப் 2016லயே இதுக்கு தனியா ஒரு மோட் கொண்டுவந்து, 2023ல தனி ஆப்பாவே விட்டாங்க. இந்த வகையில ரெண்டு மூணு ஆப் மாத்தி மாத்தி பார்த்தேன். எனக்கு பிடிபடாத விஷயம் இதான், ஷட்டில் ஆட வர்றவன் மூஞ்சி எப்படி இருந்தா எனக்கென்ன, காய்கறி பொறுக்கற மாதிரி ஒவ்வொரு மூஞ்சியா தள்ளிட்டு இருக்கணுமா? மேட்ச் ஆகும். ‘ஹாய்’. ‘ஹாய்ங்க’. ‘என்ன பண்றீங்க’. ‘ஐடி. நீங்க?’. ‘நானும்’. அவ்ளோதான், அதுக்கப்புறம் அந்த சாட் அப்படியே கிடக்கும், யாரு மேலயும் தப்பு இல்ல, ரெண்டு பேருக்கும் பேச பொதுவா ஒண்ணும் இல்ல. ஒரே பின்கோட்ல இருக்கோம்ங்கறத வச்சு எவ்ளோ நேரம் பேசறது.

இதுல ஒரு ஆப்புக்கு (பேர் வேணாம்) ப்ரீமியம் வேற கட்டினேன். ‘உங்கள இத்தனை பேர் லைக் பண்ணிருக்காங்க’ன்னு மங்கலா மூஞ்சிகள காட்டி ஆசை காட்டுவான். காசு கட்டி திறந்தா, பாதிப்பேரு அடுத்த மாவட்டம், மீதிப்பேரு எப்பவோ கடைசியா ஆப்ப திறந்தவங்க. ‘அருகில் உள்ளவர்கள்’னு பேரு வச்சுட்டு தூர ஃபில்டர ப்ரீமியத்துலயே பூட்டி வச்ச கொடுமையும் அங்கதான் பார்த்தேன்.

இப்போ தங்கின ஒண்ணுக்கு வரேன். இதுல மூஞ்சியே கிடையாது, நிகழ்ச்சிதான் லிஸ்ட் ஆகும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஷட்டில், ஞாயித்துக்கிழமை காலைல வாக்கிங், போர்டு கேம், ஃபோட்டோ எடுக்கப் போறது, இப்படி. இந்த மாதிரி ஐடியால ரொம்ப பழசு மீட்அப், 2002ல நியூயார்க்ல ஆரம்பிச்சது, செப்டம்பர் 11 தாக்குதலுக்கு அப்புறம் அதுவரைக்கும் பேசிக்காத அக்கம்பக்கத்து ஆளுங்க பேசிக்கிட்டத பார்த்துதான் இப்படி ஒண்ணு செய்யலாம்னு தோணுச்சுன்னு அத ஆரம்பிச்சவரு சொல்லிருக்காரு. இப்போ அதே டைப்ல நிறைய வந்துடுச்சு.

முதல் தடவ ஷட்டிலுக்குப் போனப்போ ஒண்ணும் பெருசா நடக்கல. கோர்ட்டுக்கு ஆறு பேர், ஏழாவது ஆள் வெயிட்டிங் லிஸ்ட். ஒருத்தர் எப்பவும் ஒரு ராக்கெட் கூடுதலா கொண்டு வருவாரு, பிடியில சுத்தின டேப் உரிஞ்சு தொங்கும், புதுசா வர்றவங்களுக்கு அதான். எனக்கும் அதான் கிடைச்சுது. பேரு கேட்டாங்க, அடுத்த கேம்ல மறந்துட்டாங்க. மூணாவது வாரம்தான் பார்ட்னர் ‘உங்க செர்வ் எப்பவும் இடது பக்கமே விழுது, அவங்க கண்டுபிடிச்சுட்டாங்க’ன்னு காதுகிட்ட வந்து சொன்னாரு. அப்புறம் ஒரு செவ்வாய் காய்ச்சல்னு போகல, ராத்திரி ஒரு மெசேஜ்: ‘என்னங்க ஆளையே காணோம், உடம்பு கிடம்பு சரியில்லையா?’ ஸ்வைப் ஆப்ல வந்த மொத்த மேட்சும் சேர்த்து இந்த ஒரு மெசேஜுக்கு ஈடு ஆகாது, நிஜமா சொல்றேன்.

இதுக்கு கணக்கும் இருக்கு. கான்சாஸ் யூனிவர்சிட்டி ஜெஃப்ரி ஹால் 2018ல ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாரு: தெரிஞ்ச ஆள் சாதாரண ஃப்ரெண்டா ஆக சுமார் 50 மணி நேரம், ஃப்ரெண்டுன்னு சொல்லிக்க 90, நெருங்கின ஃப்ரெண்டுக்கு 200க்கு மேல சேர்ந்து இருக்கணும்னு. வாரத்துக்கு ஒன்றரை மணி நேர ஷட்டில்னு வச்சா 50 மணிக்கே கிட்டத்தட்ட எட்டு மாசம். ஒரு காபிக்கு மேட்ச் பிடிச்சு குடுக்கற ஆப் இதுல ஒரு மணி நேரத்த கழிச்சுக் குடுக்குது, மீதி 49 மணிக்கு நீயே வழி பாருங்குது.

அப்போ பக்கத்துல இருக்கறதுக்கு மதிப்பே இல்லையான்னா, இருக்கு, ஆனா வேற மாதிரி. அமெரிக்கால எம்ஐடி மாணவர் குடியிருப்புல ஃபெஸ்டிங்கர்ங்கற சைக்காலஜிஸ்டும் கூட ரெண்டு பேரும் பண்ண ஆராய்ச்சி 1950ல வந்துச்சு, அடுத்த கதவுல இருக்கறவங்கள 41 சதவீதம் பேர் நெருங்கினவங்களா சொன்னாங்க, ரெண்டு கதவு தள்ளின்னா 22, வராந்தாவோட அந்தக் கோடின்னா 10தான். மாடிப்படிக்குப் பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு மேல் மாடியிலயும் பழக்கம் ஜாஸ்தி. காரணம், எதிர்ல எதிர்ல பட்டுக்கிட்டே இருந்தாங்க. ஒரே தடவ பார்க்கப் போற ஆள் 1 கி.மீ.ல இருந்தா என்ன, 8 கி.மீ.ல இருந்தா என்ன. ஆனா வாராவாரம் போகணும்னா அந்த 8 கி.மீ. ரெண்டாவது மாசமே நம்மள நிறுத்திடும். அதனால நான் ஆள தேடறப்போ தூரம் பார்க்கறதில்ல, நடக்கற இடத்துக்குத்தான் தூரம் பார்க்கறேன்.

குறையும் இருக்கு இதுல. குரூப்ப நடத்தறவர் ஒரு ஆள்தான், அவருக்கு குழந்தை பிறந்தா, ட்ரான்ஸ்ஃபர் ஆனா, இல்ல சந்தா கட்டி கட்டி சலிச்சுட்டா குரூப் அப்படியே படுத்துடும், நான் இருந்த வாக்கிங் குரூப் அப்படித்தான் போச்சு. ‘வரேன்’னு பட்டன தட்டிட்டு வராதவங்க வேற, பாதி லிஸ்ட் அதுதான்.

எங்க குரூப்ல இருக்கற ஒரு பொண்ணு சொன்னதையும் எழுதணும், என் அனுபவம் ஆம்பள அனுபவம்தானே. அவங்களுக்கு ஆப்ப திறந்தாலே இன்பாக்ஸ் வழியுமாம், அதனால தூரம் காட்டறத மறைச்சு, பால்கனியோ ஜன்னல் வழியா தெரியற கட்டடமோ இருக்கற ஃபோட்டோ ஒண்ணுகூட போடாம வச்சிருக்காங்க, முதல் ரெண்டு தடவ தெரிஞ்ச ஆள் கூடத்தான் வந்தாங்க. ஆம்பளைங்களும் இத பண்ணலாம், தப்பில்ல.

செட்டிங்ஸ்: ஐஃபோன்ல ஐஓஎஸ் 14ல (2020) இருந்தும் ஆண்ட்ராய்டு 12ல (2021) இருந்தும் துல்லியமான லொகேஷன மறுத்துட்டு, தோராயமானத மட்டும் குடுக்க முடியும். நிகழ்ச்சி தேட அதுவே தாராளம். ‘ஆப் யூஸ் பண்றப்போ மட்டும்’னு வைங்க, பேட்டரியும் மிச்சம்.

கடைசியா ஒண்ணு, ஆப்ப ஃபோன்ல இருந்து தூக்கினா ப்ரொஃபைல் போகாது, பணம் பிடிக்கறதும் நிக்காது. முதல்ல ஸ்டோர் சப்ஸ்கிரிப்ஷன் பக்கத்துல போய் கேன்சல், அப்புறம் ஆப்புக்குள்ள போய் அக்கவுண்ட் டெலீட், அதுக்கப்புறம் அன்இன்ஸ்டால். இல்லேன்னா நீங்க விட்டுட்டுப் போன பழைய ஏரியால யாருக்கோ இன்னும் ‘2 கி.மீ. தூரத்தில்’னு நின்னுட்டு இருப்பீங்க, மாசாமாசம் காசும் கட்டிக்கிட்டு.