விளைச்சலின் மகிழ்ச்சியும் கர்த்தருக்குள் மகிழ்ச்சியும்

கிருஷ்ணகிரியில் மாங்காய் நன்றாகக் காய்த்து, மாங்கூழ் ஆலைகளும் கட்டுப்படியாகும் விலை கொடுத்துவிட்டால் விவசாயியின் வீட்டில் உண்டாகும் மகிழ்ச்சியை வேதாகமம் இழிவாகப் பேசுவதில்லை. ஏசாயா 9:3 அறுப்பின் மகிழ்ச்சியை ஒப்புமையாகவே எடுத்தாள்கிறது. ஆயினும் அது விலையோடு ஏறி விலையோடு இறங்கும்.

அப்போஸ்தலனாகிய பவுல் பிலிப்பி நகரச் சபைக்கு எழுதிய கடிதத்தில் கூறும் மகிழ்ச்சி வேறு. கட்டுண்ட நிலையில் எழுதிய அக்கடிதத்தில், விடுதலைக்குக் காத்திராமலே அவர் மகிழ்கிறார். பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசியாகிய ஆபகூக் இன்னும் கடுமையான இடத்தில் நிற்கிறார்: அத்திமரம் துளிர்விடாமல், வயல்கள் விளையாமல், தொழுவத்தில் மாடும் இல்லாமற்போனாலும் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்கிறார் (3:17-18). இது துக்கத்தை மூடும் முகமலர்ச்சி அன்று. முந்திய வசனத்திலேயே தம் குடல் குழம்பியதையும் உதடுகள் துடித்ததையும் அவர் சொல்லிவிடுகிறார். மழை பொய்த்த ஆண்டில் தர்மபுரிச் சபைகளில் ‘எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்’ என்று பிரசங்கிப்பவர், ஆபகூக்கின் அந்த முந்திய வசனத்தையும் சேர்த்து வாசிக்க வேண்டும் என்பதே என் கருத்து.